இன்பாக்ஸின் கதை: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் டிப்ஸ்

மின்னஞ்சலுக்கு டிப்ஸ் சொல்ற பதிவுகளுக்குப் பஞ்சமே இல்லை. "பத்து குறுக்குவழிகள்", "இருபது ரகசியங்கள்"னு படிப்போம், அட நல்லாருக்கேன்னு சொல்லுவோம், அடுத்த வாரம் பழையபடி மவுஸைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருப்போம். பட்டியலா வந்தா மனசுல ஒட்டாது, கதையா வந்தா ஒட்டும். அதனால இது சரித்திரமும் டிப்ஸும் கலந்த பதிவு.

ஹாட்மெயில், யாஹூ, ஜிமெயில் என்று எந்தப் பெட்டியை எடுத்தாலும், அதில் இருக்கிற ஒவ்வொரு வசதிக்குப் பின்னாலும் ஒரு தட்டுப்பாடோ ஒரு விபத்தோ இருக்கு. அது தெரிஞ்சா அந்த வசதி எதுக்குன்னு புரியும். எல்லாத்தையும் வரிசையா வெச்சுப் பார்த்தா இன்னொண்ணும் புரியும்: இன்னைக்கு நமக்கு ரொம்ப அவசியமான விஷயம் வழக்கமான டிப்ஸ் பட்டியல்ல பெரும்பாலும் வர்றதே இல்லை. அது இந்தப் பதிவோட கடைசியில் வருது. நடுவுல எழுந்து போயிடாதீங்க :-)

விலாசம் நம் கைக்கு வந்த கதை

1971-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் பி.பி.என். என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு அர்ப்பாநெட் வழியா கடிதம் அனுப்பிப் பார்த்தார். ஆள் பேரையும் கணினி பேரையும் பிரிக்க ஒரு குறி வேணும். யாருடைய பேரிலும் வராத ஒரு குறியைத் தேடி @ என்பதை எடுத்தார். அதாவது, "இந்தக் கணினியில் இருக்கும் இன்னார்" என்பதுதான் அந்த விலாசத்தின் அர்த்தம்.

அதனால விலாசம் நம்முடையதா இல்லை, கணினியுடையதா இருந்தது. படிப்பு முடிஞ்சா கல்லூரி விலாசம் போச்சு. வேலை மாறினா கம்பெனி விலாசம் போச்சு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலமா. அங்கேயும் இணைப்போடு சேர்ந்துதான் மின்னஞ்சல் வந்தது. இணைப்பு இல்லேன்னா விலாசமும் இல்லை.

இதை உடைச்சது ரெண்டு பேர். சண்டிகரில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா, அவருடைய சக ஊழியர் ஜாக் ஸ்மித். சொந்தமா ஒரு நிறுவனம் ஆரம்பிக்கணும்னு ரெண்டு பேரும் ரகசியமா பேசிக்கிட்டிருந்தாங்க. ஆனா அலுவலகத்தில் இருந்த தடுப்புச்சுவரால் அவங்க சொந்த மின்னஞ்சலைத் தொட முடியலை. அலுவலக விலாசத்தில் பேசினா முதலாளிக்குத் தெரிஞ்சுடும். அப்போதான், உலாவி இருக்கிற எந்தக் கணினியிலிருந்தும் கடிதம் படிக்க முடிஞ்சா என்னன்னு தோணிச்சு. 1996 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று ஹாட்மெயில் பிறந்தது. அந்தப் பேருக்குள்ள ஹெச்.டி.எம்.எல். எழுத்துகள் ஒளிஞ்சிருக்கிறது பலருக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்தான்.

முதலீடு செய்த டிம் டிரேப்பர் ஒரு யோசனை சொன்னார்: போற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், உனக்கும் இலவச மின்னஞ்சல் வேணுமான்னு ஒரு வரி போடுங்க. அவ்வளவுதான் விளம்பரம். இந்தியாவிலும் ஸ்வீடனிலும் விளம்பரத்துக்குன்னு எதுவுமே செய்யாம அது முதலிடத்துக்கு வந்ததா டிரேப்பரும் அவருடைய பங்காளி ஜர்வெட்சனும் பின்னாடி எழுதினாங்க. 1997 கடைசியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. விலை சுமார் 40 கோடி டாலர் என்று அப்போ பேச்சு. அதே வருஷம் யாஹூவும் ராக்கெட்மெயிலை வைத்திருந்த ஃபோர்11 நிறுவனத்தை வாங்கி யாஹூ மெயிலை ஆரம்பிச்சது.

வீடு மாறினாலும் வேலை மாறினாலும் மாறாத ஒரு விலாசம். பிரவுசிங் சென்டருக்குப் போய் அரைமணி நேரத்துக்குக் காசு கட்டுற ஆளுக்கும் அது கிடைச்சது. இது சின்ன விஷயமில்லை.

அழிச்சு அழிச்சு வாழ்ந்த காலம்

ஹாட்மெயில் கொடுத்த இடம் 2 மெகாபைட். யாஹூ 4. இன்னைக்குக் கைப்பேசியில் எடுக்கிற ஒரு புகைப்படமே அதுக்குள்ள அடங்காது. யாராவது கல்யாண போட்டோ நாலு அனுப்பிட்டா பெட்டி நிரம்பிடும், அப்புறம் வர்ற கடிதமெல்லாம் திரும்பிப் போயிடும். அதைவிடக் கொடுமை, இலவச ஹாட்மெயிலில் 30 நாள் எட்டிப் பார்க்கலேன்னா உள்ளே இருந்ததெல்லாம் காலி. பரீட்சைக்குப் படிக்கிறேன்னு ஒரு மாசம் உட்கார்ந்தவங்க கதி என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அந்தக் காலத்து டிப்ஸ் எல்லாம் இடம் மிச்சம் பிடிக்கிற டிப்ஸ். படிச்சவுடனே அழி. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணு. முக்கியமானதை ஃப்ளாப்பியில் போட்டுக்கோ. கடைசியா சொன்னதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ஏப்ரல் ஒண்ணாம் தேதி

2004 ஏப்ரல் 1. கூகுள் ஒரு மின்னஞ்சல் சேவை ஆரம்பிக்குது, ஆளுக்கு 1 ஜிகாபைட் தருதுன்னு அறிவிப்பு. ஹாட்மெயிலைப் போல 500 மடங்கு. ஏப்ரல் ஃபூல்னு நிறைய பேர் சிரிச்சாங்க. நிஜம்னு தெரிஞ்சதும் அழைப்பிதழுக்கு அலைமோதல், ஈபேயில் ஏலம். 2007 பிப்ரவரியில்தான் அழைப்பு இல்லாமலே யாரும் சேரலாம்னு ஆச்சு. 'பீட்டா' என்ற ஒட்டு 2009 ஜூலை வரைக்கும் போகலை!

இதை உருவாக்கியவர் பால் புக்ஹெய்ட், 2001-ல் வேலையை ஆரம்பிச்சவர். முதல் வடிவத்தை ஒரே நாளில் செஞ்சார். கூகுள் குரூப்ஸுக்காக ஏற்கனவே இருந்த நிரலை எடுத்து, தன்னுடைய கடிதங்களைத் தேடுற மாதிரி மாத்தினார். கூட இருந்தவங்க, நல்லாருக்கு, எங்க கடிதத்தையும் தேட வெச்சுக் கொடுன்னாங்க. அதாவது ஜிமெயில் முதல்ல ஒரு தேடுபொறி. அப்புறம்தான் தபால் பெட்டி.

இது புரிஞ்சா ஜிமெயிலின் பாதி வசதிகள் தானா புரியும். தேடிக் கண்டுபிடிக்க முடியும்னா கோப்புறையில் அடுக்கி வைக்க வேண்டியதில்லை. அதனால கோப்புறைக்குப் பதில் லேபிள், ஒரே கடிதத்துக்கு ரெண்டு மூணு ஒட்டலாம். இடம் இருக்குன்னா அழிக்க வேண்டியதில்லை, அதனால 'ஆர்க்கைவ்'. ஆரம்பத்தில் நீக்குவதற்குத் தனிப் பொத்தான் கூட இல்லை, மெனுவுக்குள்ள ஒளிஞ்சிருந்தது. 2006-ல்தான் வெளியே வந்தது.

இந்த இடத்துக்கான டிப்ஸ் (எல்லாத்தையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும், எழுத்து மாறினா வேலை செய்யாது):

1. தேடும் கட்டத்தில் 'லார்ஜர்:10எம்' என்று போட்டால் 10 மெகாபைட்டுக்கு மேல் உள்ளதெல்லாம் வரும். அதோடு 'ஓல்டர்_தேன்:5ஒய்' சேர்த்தால் அஞ்சு வருஷத்துக்கு முந்தைய குண்டர்கள் மட்டும். இடம் காலி பண்ண இதைவிட வேகமான வழி இல்லை.

2. 'ஹேஸ்:அட்டாச்மென்ட்' இணைப்பு உள்ளவற்றை மட்டும் காட்டும். 'இன்:எனிவேர்' போட்டால் குப்பைத்தொட்டி, ஸ்பேம் உள்பட எங்கே இருந்தாலும் தேடும். "அந்த மெயில் காணோம்"னு தேடுறவங்க முதல்ல செய்ய வேண்டியது இது.

3. தமிழில் தேடும்போது ஒரு விஷயம். ஜிமெயில் பல சமயம் முழுச்சொல்லாத்தான் தேடும். 'மதுரை' என்று தேடினால் 'மதுரைக்கு', 'மதுரையில்' என்று எழுதிய கடிதம் தப்பிச்சிடலாம். வேற்றுமை உருபு சேர்த்தும் ரெண்டு மூணு விதமா தேடிப் பாருங்க. நம்ம மொழியோட அழகு, தேடுபொறிக்குத் தலைவலி.

4. பேருக்குப் பின்னால் + போட்டு ஏதாவது ஒரு சொல் சேர்த்து (உதாரணமா +கடை, ஆங்கிலத்தில்) விலாசம் கொடுத்தாலும் கடிதம் உங்களுக்கே வரும். எந்தக் கடைக்கு எந்தச் சொல்லைக் கொடுத்தீங்களோ, அதை வெச்சு யார் உங்க விலாசத்தை வித்தாங்கன்னு கண்டுபிடிக்கலாம். அதுக்கு ஒரு வடிகட்டியும் போட்டுடலாம்.

5. அமைப்புகளில் குறுக்குவிசைகளை இயக்கிட்டு ஒரு கேள்விக்குறியை அழுத்துங்க, முழுப் பட்டியலும் வரும். அடுத்த கடிதத்துக்கு 'ஜே', முந்தையதுக்கு 'கே' என்பதற்கு ஒரு பூர்வகதை இருக்கு. 1976-ல் பில் ஜாய் 'விஐ' திருத்தியை எழுதிய முனையத்தில் அம்புக்குறிகள் அந்த எழுத்து விசைகள் மேலேயே அச்சடிச்சிருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் தொடருது.

பக்கம் முழுசா மறுபடி ஏறாம கடிதம் மட்டும் மாறுதே, அந்த நுட்பத்தை முதல்ல கொண்டுவந்தது மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் வலை அஞ்சல் குழு. 1999-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ல் அது இருந்தது. அதை வெச்சு பெரிய அளவில் பேர் வாங்கினது ஜிமெயில். வீடு கட்டினது ஒருத்தர், கிரகப்பிரவேசம் பண்ணினது இன்னொருத்தர்.

போட்டியாளர்களும் சும்மா இருக்கலை. 2004 ஜூனில் யாஹூ 100 மெகாபைட் கொடுத்தது, ஹாட்மெயில் 250 தருவதா அறிவிச்சது. 2007-ல் யாஹூ, எல்லையே இல்லைன்னு சொல்லிடுச்சு. மூணே வருஷத்தில் தட்டுப்பாடு தீர்ந்து போச்சு. அப்படித்தான் எல்லாரும் நினைச்சோம்.

இலவசத்துக்கு விலை வேற மாதிரி இருந்தது. கடிதத்தில் இருக்கும் சொற்களைப் பார்த்து விளம்பரம் போடுறாங்கன்னு 2004 ஏப்ரலிலேயே 31 அமைப்புகள் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதினாங்க. விளம்பரத்துக்காகக் கடிதங்களை அலசுவதை நிறுத்துறோம்னு கூகுள் சொன்னது 2017 ஜூனில். 13 வருஷம்.

ஐயையோ வசதிகள்

தேடல் வந்தாச்சு, இடம் வந்தாச்சு. அடுத்த பிரச்னை மனுஷங்க. கோபத்தில் அனுப்புறது, இணைப்பை மறந்துட்டு "இணைத்துள்ளேன்"னு எழுதுறது, 'ரிப்ளை ஆல்' அழுத்துறது... 2008 ஜூனில் வந்த ஜிமெயில் லேப்ஸில் ஊழியர்கள் தங்களுக்குத் தோன்றியதையெல்லாம் செஞ்சு போட்டாங்க. இணைப்பை மறந்தா எச்சரிக்கிற வசதி அங்கேதான் வந்தது. 2008 அக்டோபரில் 'மெயில் காகிள்ஸ்' என்று ஒண்ணு: வாரக்கடைசி ராத்திரியில் கடிதம் அனுப்பினா சில கணக்குகள் கேட்கும், விடை சொன்னாத்தான் அனுப்பும். போதையில் பழைய காதலிக்குக் கடிதம் போடுறவங்களைத் தடுக்கத்தான்! அது நிலைக்கலை.

நிலைச்சது 2009 மார்ச்சில் வந்த 'அன்டூ சென்ட்'. அப்போ 5 விநாடி அவகாசம். 2015-ல் லேப்ஸிலிருந்து முறையான அமைப்புகளுக்கு வந்தது, 30 விநாடி வரைக்கும் வைக்கலாம். போன கடிதத்தை அது பிடிச்சு இழுக்குதுன்னு நினைக்காதீங்க. கிளம்பிப் போன மின்னஞ்சலைத் திருப்ப வழியில்லை. அது செய்யுறதெல்லாம் அந்த 30 விநாடி கடிதத்தை அனுப்பாம கையில் வெச்சிருக்கிறதுதான். போய் உடனே 30-க்கு மாத்திடுங்க. கோபம் தணிய அது போதாது, பெயரைத் தப்பா எழுதினதைக் கவனிக்கப் போதும்.

பிரவுசிங் சென்டர் தந்த பாடம்

பொதுக் கணினியில் வெளியேற மறந்துட்டு வீட்டுக்கு வந்து நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தவங்க நம்மில் ஏராளம். 2008 ஜூலையில் அதுக்கு மருந்து வந்தது: ஜிமெயிலின் அடியில், கணக்கு கடைசியா எங்கிருந்து திறக்கப்பட்டதுன்னு காட்டி, மற்ற இடங்களிலிருந்து ஒரே சொடுக்கில் வெளியேற்றும் வசதி. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்க.

பூட்டு கதையும் நீளமானது. 1999 ஆகஸ்டில் ஒரே கடவுச்சொல்லால் யாருடைய ஹாட்மெயிலையும் திறக்கலாம்னு ஒரு ஓட்டை வெளியே வந்தது. 2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ கணக்கு உடைக்கப்பட்டது. கடவுச்சொல்லை யாரும் ஊகிக்கலை. "மறந்துட்டேன்" என்று சொல்லி, பொதுவெளியில் கிடைக்கிற தகவலை வெச்சு பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடை சொன்னாங்க. யாஹூவில் 2013-ல் நடந்த திருட்டில் இருந்த 300 கோடி கணக்குகளுமே போச்சுன்னு 2017-ல்தான் தெரிஞ்சது. ஆகவே இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். மீட்பு எண்ணும் மீட்பு விலாசமும் இன்னைக்கும் உங்க கையில்தான் இருக்கான்னு பாருங்க. 2009-ல் கொடுத்த கைப்பேசி எண் இன்னேரம் வேற யார்கிட்டயோ இருக்கலாம்.

நம்ம கடிதங்கள் என்ன ஆச்சு?

இது நமக்கே நமக்கான பகுதி. மின்னஞ்சல் பிறந்தது ஆங்கில எழுத்துக்காக. 1992-ல் வந்த 'மைம்' தரத்துக்கு அப்புறம்தான் மற்ற எழுத்துகளும் படமும் ஒலியும் ஒழுங்கா போக வழி பிறந்தது. அப்பவும் தமிழுக்கு ஒரே குறியீடு கிடையாது. திஸ்கி ஒரு பக்கம், 1999-ல் சென்னை தமிழ்நெட் மாநாட்டில் அறிவிக்கப்பட்ட டாம், டாப் இன்னொரு பக்கம், பாமினி வேறொரு பக்கம். எழுத்துரு இருந்தா தமிழ், இல்லேன்னா ஜிலேபி. யூனிகோடு பரவலாகுற வரைக்கும் முக்கால்வாசிப் பேர் தங்லீஷில் எழுதித் தப்பிச்சோம்.

அந்தத் திஸ்கி கடிதங்கள் இன்னும் நம்ம பெட்டியில் கிடக்கு. திறந்தா ஐரோப்பிய எழுத்துக் கஞ்சி மாதிரி தெரியும். நாம தேடுற தமிழ்ச் சொல் அதுக்குள்ள அகப்படாது, ஏன்னா கணினிக்கு அது தமிழே இல்லை. தூக்கிப் போட்டுடாதீங்க. அந்தக் கடிதத்தின் மெனுவில் போய் மூல வடிவத்தைப் பதிவிறக்கிக் கொள்ளுங்க. அதில் பைட்டுகள் அப்படியே இருக்கும். அப்புறம் மாற்றியில் போட்டா பெரும்பாலும் தமிழ் திரும்பி வந்துடும். ஒரு காலத்தில் சுரதாவின் பொங்குதமிழும் என்.ஹெச்.எம். மாற்றியும் நம்ம எல்லார் கையிலும் இருந்தது. அந்த வகை மாற்றிகள் இணையத்தில் இன்னும் கிடைக்குது. அந்தக் கடிதத்தைப் பார்த்தவுடனே இது திஸ்கி, இது பாமினின்னு சொல்லத் தெரிஞ்ச தலைமுறை நாமதான். நமக்கு அப்புறம் அதைக் குப்பைன்னு அழிச்சுடுவாங்க.

பெட்டி யாருடையது?

இப்போ அந்தக் கடைசி விஷயம்.

2011 பிப்ரவரி 27. ஜிமெயிலைத் திறந்த சிலருக்குப் பெட்டி வெறுமையா இருந்தது. மென்பொருள் மாற்றத்தில் வந்த ஒரு பிழை. பாதிக்கப்பட்டது 0.02 சதவீதம்தான்னு கூகுள் சொன்னது, ஆனா அந்த 0.02-ல் இருந்தவங்களுக்கு அது நூறு சதவீதம். பல மையங்களில் பிரதி வெச்சிருந்தும் பிழை எல்லாப் பிரதியையும் தொட்டுடுச்சு. காப்பாத்தினது எது தெரியுமா? காந்த நாடா. இணைப்பில் இல்லாம அலமாரியில் கிடந்த பழைய பாணி டேப். உலகத்தின் பெரிய இணைய நிறுவனமே கடைசியில் ஃப்ளாப்பி காலத்து யோசனையில்தான் பிழைச்சது.

இன்னொண்ணு. 2004 நவம்பரில் இராக்கில் ஓர் இளம் அமெரிக்க வீரர் இறந்து போனார். அவர் யாஹூ பெட்டியில் இருந்த கடிதங்களை அப்பா கேட்டார். கணக்கு வாரிசுக்குப் போகாது என்பது விதி, தரமுடியாதுன்னு யாஹூ சொன்னது. 2005 ஏப்ரலில் மிச்சிகன் மாநில நீதிமன்றம் ஒன்று ஆணையிட்ட பிறகுதான் குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்தாங்க. மகன் எழுதின கடிதத்துக்கு அப்பா கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

2013-ல் யாஹூ, ஒரு வருஷம் திறக்காத பெயர்களை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்சது. 2013 மே முதல் கூகுளில் கடிதம், கோப்பு, படம் எல்லாத்துக்கும் சேர்த்து 15 ஜிகாபைட். 2021 ஜூனிலிருந்து எல்லாப் படங்களும் அந்தக் கணக்கில் சேருது. 2023 டிசம்பரிலிருந்து, ரெண்டு வருஷம் யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளைக் கூகுள் அழிக்க ஆரம்பிச்சது.

கவனிச்சீங்களா? சக்கரம் சுத்தி அதே இடத்துக்கு வந்திருக்கு. 30 நாள் என்பது ரெண்டு வருஷம் ஆயிருக்கு, 2 மெகாபைட் 15 ஜிகாபைட் ஆயிருக்கு. ஆனா விதி அதேதான்: இடம் அவங்களுடையது, நாம வாடகைக்குக்கூட இல்லை, ஓசியில் திண்ணையில் உட்கார்ந்திருக்கோம். வித்தியாசம் ஒண்ணு உண்டு. 2 மெகாபைட் காலத்தில் முக்கியமானதை நாமே எடுத்து வெச்சுக்கிட்டோம், ஏன்னா போயிடும்னு தெரியும். ஜிகாபைட் காலத்தில் அந்தப் பழக்கத்தையே விட்டுட்டோம்.

அதனால ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்க.

1. நீங்க ஆரம்பிச்ச எல்லாப் பழைய கணக்குகளையும் ஒரு தடவை திறங்க. திறந்து ஒரு கடிதம் படிச்சாலே கூகுள் கணக்கில் அந்த ரெண்டு வருஷக் கெடு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.

2. 'கூகுள் டேக்அவுட்' போய் மெயிலை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்குங்க. 'எம்பாக்ஸ்' கோப்பா வரும். மத்த சேவைகள்னா தண்டர்பேர்ட் மாதிரி ஒரு மென்பொருளில் ஐமேப் வழியா இணைச்சு, கடிதங்களைக் கணினியில் இருக்கும் உள்ளூர்க் கோப்புறைக்குப் பிரதி எடுங்க. ஐமேப்பில் பார்த்தா மட்டும் போதாது, அங்கே அழிஞ்சா இங்கேயும் அழியும்.

3. அந்தக் கோப்பை இணையத்தில் இல்லாத ஒரு வட்டில் போட்டு பீரோவில் வைங்க. சிரிப்பா இருக்கலாம். டேப் கதையை நினைச்சுக்கோங்க.

4. கூகுளில் 2013 முதல் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்று ஒண்ணு இருக்கு. மூணு மாசமோ ஒன்றரை வருஷமோ நீங்க வரலேன்னா யாருக்குச் சொல்லணும், என்னென்ன கொடுக்கணும்னு இப்போவே எழுதி வைக்கலாம். உயில் மாதிரின்னு தயங்காதீங்க. நம்ம பிள்ளைங்களைக் கோர்ட்டுக்கு அலைய விடாம இருக்க பத்து நிமிஷம்.

தாத்தா எழுதின இன்லண்ட் லெட்டரும் போஸ்ட் கார்டும் கம்பியில் குத்தி வீட்டில் தொங்கும். கரையான் அரிச்சாலும் பாதியாவது மிஞ்சும். நம்ம கடிதங்கள் அப்படி இல்லை, இருந்தா முழுசா இருக்கும், போனா முழுசா போகும். முதல் வேலைக்கு வந்த ஆர்டர், பிரசவம் ஆச்சுன்னு வந்த ஒற்றை வரி, இப்போ உயிரோட இல்லாத நண்பர் அனுப்பின ஜோக்... எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு.

உங்க பழைய பெட்டியில் திஸ்கி கடிதம் ஏதாவது கிடைச்சா, மாற்ற முடிஞ்சதான்னு பின்னூட்டத்தில் ஒரு வரி சொல்லிட்டுப் போங்க. முடியலைன்னாலும் சொல்லுங்க, சேர்ந்து பார்ப்போம்.